திக்கித் திணறும் சுட்டி: குற்றவாளி யார்?

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, மணி ஒன்பதரை. படிவம் 4-இல் படிக்கும் என் அக்காள் மகள் மடிக்கணினியில் வரலாற்றுப் பாடத்துக்கான காணொளியைத் தொகுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். திடீரென்று பெருமூச்சு விட்டாள்.

“மாமா, இந்த மவுஸ் செத்துப் போச்சு. ஒரே இடத்துல நிக்குது, அப்புறம் குதிக்குது. புதுசு ஒண்ணு வாங்கிக் கொடுங்க.”

“பேட்டரி மாத்துனியா?”

“இன்னைக்குத்தான் மாத்துனேன். போன மாசம் மவுஸையே மாத்துனோம். இது ரெண்டாவது.”

எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். ஒரு சுட்டி பழுதாவது இயல்பு. ஆனால் ஒரு மாத இடைவெளியில் இரண்டு சுட்டிகள், ஒரே மேசையில், ஒரே மாதிரி திக்கினால், கோளாறு சுட்டியில் இருப்பதைவிட மேசையில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

“எப்பல்லாம் இப்படி ஆகுது?” என்று கேட்டேன். அவள் யோசித்துச் சொன்னாள்: “கட்டுரை டைப் பண்ணும்போது நல்லாத்தான் இருக்கு மாமா. வீடியோ வேலை செய்யும்போதுதான் இப்படி.”

அந்தப் பதிலில் பாதி விடை இருந்தது. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. புதுச் சுட்டி வாங்கவில்லை. கம்பியில்லாச் சுட்டி எப்படி வேலை செய்கிறது, அது ஏன் திக்குகிறது, காரணத்தை அறிவியல் முறையில் எப்படித் தேடுவது என்பதை இந்த வாரம் பார்ப்போம், மாணவர்களே.

கையிலிருந்து திரை வரை

சுட்டியை நகர்த்தியதும் திரையில் அம்புக்குறி நகர்கிறது. நமக்கு அது ஒரே செயலாகத் தெரிகிறது. உண்மையில் அது நான்கு கட்டங்களைக் கடந்து வருகிறது.

முதல் கட்டம், பார்ப்பது. சுட்டியின் அடியில் ஒரு சிறிய விளக்கும் மிகச் சிறிய படமெடுக்கும் உணரியும் உள்ளன. மேசையின் மேற்பரப்பை அந்த உணரி விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படம் எடுக்கிறது. அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, சுட்டி எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுகிறது.

இரண்டாம் கட்டம், அனுப்புவது. அந்தக் கணக்கைச் சுட்டி சிறு சிறு தகவல் பொட்டலங்களாக்கி வானொலி அலையில் அனுப்புகிறது.

மூன்றாம் கட்டம், பெறுவது. கணினியின் யுஎஸ்பி துளையில் செருகியிருக்கும், விரல் நகம் அளவுள்ள ரிசீவர் அந்த அலையைப் பிடிக்கிறது. புளூடூத் சுட்டி என்றால் கணினிக்குள்ளேயே இருக்கும் அலைவாங்கி இந்த வேலையைச் செய்யும். பொட்டலம் வந்து சேர்ந்ததும், “கிடைத்தது” என்று ஒரு பதில் சுட்டிக்குத் திரும்பிப் போகும். பதில் வராவிட்டால் சுட்டி அதே பொட்டலத்தை மறுபடி அனுப்பும்.

நான்காம் கட்டம், வரைவது. கணினி அந்தத் தகவலை வாங்கி அம்புக்குறியைப் புதிய இடத்தில் வரைகிறது.

இப்போது சிறிய கணக்கு. சாதாரணச் சுட்டிகள் பல, விநாடிக்கு 125 முறை தகவல் தருகின்றன. அதாவது 1000 மில்லிவிநாடியை 125-ஆல் வகுத்தால், 8 மில்லிவிநாடிக்கு ஒரு தகவல். நம் கணினித் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால், ஒவ்வொரு முறைக்கும் சுமார் 16.7 மில்லிவிநாடி ஆகிறது. எனவே ஒரு பொட்டலம் தொலைந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. தொடர்ந்து பத்துப் பொட்டலங்கள் தொலைந்தால் 80 மில்லிவிநாடி இடைவெளி விழும். அதைத்தான் “நிற்கிறது, பிறகு குதிக்கிறது” என்று நாம் உணர்கிறோம்.

எல்லோரும் ஓடும் ஒரே சாலை

பெரும்பாலான கம்பியில்லாச் சுட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. இதன் அலைநீளத்தை நீங்களே கணக்கிடலாம். ஒளியின் வேகமாகிய விநாடிக்கு 300,000,000 மீட்டரை 2,400,000,000 ஹெர்ட்ஸால் வகுத்தால் 0.125 மீட்டர், அதாவது 12.5 சென்டிமீட்டர்.

இந்த அலைவரிசை ஏன் இவ்வளவு பிரபலம்? 1947-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த அனைத்துலகத் தொலைத்தொடர்பு மாநாட்டில், தொழிற்சாலை, அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அவற்றில் ஒன்று. 1985-இல் அமெரிக்கா இதே அலைவரிசையில் தனி உரிமம் இல்லாமலேயே குறைந்த சக்தியில் தொடர்புகொள்ள வழி திறந்துவிட்டது. பிறகு வைஃபை, புளூடூத், கம்பியில்லாச் சுட்டி, விசைப்பலகை எல்லாம் இந்தச் சாலைக்கு வந்து சேர்ந்தன. சமையலறையில் இருக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் கைப்பேசியில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். மேல் மாடி, கீழ் மாடி, எதிர் வீடு என்று பத்துப் பதினைந்து பெயர்கள் வரிசையாக வரும். அவற்றில் பலவும் உங்கள் சுட்டி ஓடும் அதே சாலையில் ஓடுகின்றன.

இவ்வளவு நெரிசலிலும் சுட்டி எப்படி வேலை செய்கிறது? அது ஒரே தடத்தில் ஓடுவதில்லை. பழைய வகை புளூடூத், 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, விநாடிக்கு 1600 முறை தடம் மாறுகிறது. ஒரு தடத்தில் இடைஞ்சல் இருந்தால் அடுத்த கணமே வேறு தடத்தில் இருக்கும். மற்றச் சுட்டிகளும் இடைஞ்சல் வந்தால் தடம் மாறிக்கொள்ளும்படி வடிவமைக்கப்படுகின்றன.

இப்படித் தடம் தாவும் யோசனைக்கு 1942-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற இருவர் யார் தெரியுமா? ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும். கப்பலைத் தாக்கும் டார்பிடோவை வானொலி அலையால் வழிநடத்தும்போது எதிரி அதைக் குழப்பிவிடக் கூடாது என்பது அவர்கள் நோக்கம். தானாக வாசிக்கும் பியானோவில் இருக்கும் துளையிட்ட காகிதச் சுருளைப் போன்ற ஒன்றைக் கொண்டு தடம் மாற்ற அவர்கள் திட்டமிட்டார்கள்.

தடம் தாவினால் தப்பலாம் என்றால், பிறகு ஏன் சுட்டி திக்குகிறது? எல்லாத் தடங்களிலும் ஒரே நேரத்தில் இரைச்சல் இருந்தால் தாவுவதற்கு இடமில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குற்றவாளியைப் பிடிக்க இது உதவும்.

அறிகுறியைப் படியுங்கள்

மருத்துவர் மருந்து எழுதுமுன் நோயாளியிடம் கேள்வி கேட்கிறார். நாமும் அப்படியே தொடங்குவோம். சுட்டியின் கோளாறுகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் மூன்று வகைப்படும்.

சுட்டியை அசைக்காமல் வைத்திருக்கும்போதே அம்புக்குறி நடுங்கினாலோ, ஒரு பக்கம் நகர்த்தினால் வேறு பக்கம் போனாலோ, முதல் கட்டத்தைச் சந்தேகியுங்கள். உணரியின் துளையில் ஒரு முடியோ தூசியோ இருக்கலாம். கண்ணாடி மேசை, பளபளப்பான மேசை ஆகியவற்றிலும் இப்படி ஆகும். வழவழப்பான பரப்பில் ஒப்பிட்டுப் பார்க்க அடையாளப் புள்ளிகள் கிடைக்காததால் உணரி குழம்பிவிடுகிறது. ஒரு வெள்ளைத் தாளைச் சுட்டிக்கு அடியில் வைத்துப் பாருங்கள். சரியானால், காரணம் மேற்பரப்புதான்.

அம்புக்குறி நின்று நின்று குதித்தால், இரண்டாம், மூன்றாம் கட்டங்களைச் சந்தேகியுங்கள். பொட்டலங்கள் வழியில் தொலைகின்றன. மின்கலம் தளர்ந்திருக்கலாம், தூரம் அதிகமாக இருக்கலாம், நடுவில் உலோகத் தடுப்பு இருக்கலாம், அல்லது இரைச்சல் இருக்கலாம்.

அம்புக்குறியோடு சேர்ந்து எல்லாமே மெதுவாக நகர்ந்தால், நான்காம் கட்டத்தைச் சந்தேகியுங்கள். கணினிக்கே வேலை அதிகமாகிவிட்டது. இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. சுட்டி திக்கும் அதே நேரத்தில் மடிக்கணினியின் தொடுபலகையில் விரலை நகர்த்துங்கள். அதிலும் அம்புக்குறி திக்கினால் சுட்டி நிரபராதி.

என் அக்காள் மகளின் கணினியில் இதைத்தான் முதலில் செய்தோம். காணொளித் தொகுப்பு கணினிக்குப் பெரிய சுமை. எனவே கணினி திணறுகிறதோ என்று நினைத்தேன். ஆனால் தொடுபலகையில் அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது. என் முதல் கருதுகோள் தவறு. நான்காம் கட்டத்தைப் பட்டியலிலிருந்து நீக்கினோம்.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம்

பலர் செய்யும் தவறு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது. மின்கலத்தை மாற்றி, கணினியை அணைத்துப் போட்டு, ரிசீவரைக் கழற்றி மாட்டி, இடத்தையும் மாற்றினால் சுட்டி சரியாகலாம். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. நாளை மறுபடி திக்கினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அறிவியல் கூடத்தில் நீங்கள் செய்வதை நினைத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் மாற்றுகிறோம்; அது தற்சார்பு மாறி. அதனால் என்ன ஆகிறது என்று கவனிக்கிறோம். அது சார்பு மாறி. மற்ற அனைத்தையும் அப்படியே வைத்திருக்கிறோம். இங்கும் அதே விதிதான். கீழ்க்காணும் வரிசையில், ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் சோதித்துப் பாருங்கள்.

1. மின்கலம். புதிய ஆல்கலைன் மின்கலத்தின் மின்னழுத்தம் சுமார் 1.5 வோல்ட். அது குறையும்போது அனுப்பும் பகுதி தடுமாறும். மின்கலத்தை மாற்றும்போது உலோக முனைகளையும் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் மின்கலம் கசிந்திருக்கிறது. அந்தப் பொடி காரத்தன்மை உடையது. வெறும் கையால் தொடாதீர்கள். பெரியவர் ஒருவரின் உதவியோடு, கையுறை அணிந்து, சிறிது வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள்.

2. மேற்பரப்பு. முன்பு சொன்ன வெள்ளைத் தாள் சோதனை.

3. தூரமும் தடுப்பும். மேசைக்கணினியின் பின்பக்கத் துளையில் ரிசீவர் இருந்தால், சுட்டிக்கும் அதற்கும் நடுவே கணினியின் உலோகப் பெட்டி நிற்கிறது. உலோகம் அலையைத் திருப்பிவிடும். ரிசீவரை முன்பக்கத் துளைக்கு மாற்றுங்கள்.

4. மின்சேமிப்பு. சில நிமிடம் சும்மா இருந்த பிறகு முதல் அசைவில் மட்டும் சுட்டி தாமதித்தால், அது தூக்கத்திலிருந்து விழிக்கிறது, பழுதில்லை. தாமதம் அதிகமாக இருந்தால், விண்டோஸ் கணினியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, யுஎஸ்பி ரூட் ஹப் என்பதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்னும் பொருளில் இருக்கும் கட்டத்தின் குறியை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

5. வைஃபை. கணினியின் வைஃபையை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். சுட்டி சரியானால், வீட்டு ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்குக் கணினியை மாற்றிக்கொள்ளுங்கள். அது வேறு சாலை.

6. பக்கத்துத் துளை. ரிசீவருக்கு அருகில் வேறு என்னென்ன செருகியிருக்கின்றன என்று பாருங்கள். ஒவ்வொன்றாக நீக்கிச் சோதியுங்கள்.

நாங்கள் முதல் ஐந்தையும் முடித்தோம். சுட்டி இன்னும் திக்கிக்கொண்டே இருந்தது. ஆறாவதற்கு வந்தோம்.

பக்கத்துத் துளையில் இருந்தவர்

மடிக்கணினியின் இடப்பக்கத்தில் இரண்டு யுஎஸ்பி துளைகள் ஒட்டியபடி இருந்தன. ஒன்றில் சுட்டியின் ரிசீவர். ஒரு விரல் தள்ளி மற்றொன்றில், அவள் காணொளிகளைச் சேமித்து வைத்திருந்த வெளி வன்தட்டு. கட்டுரை தட்டச்சு செய்யும்போது அந்த வன்தட்டு தேவையில்லை, அதனால் அதைச் செருகுவதில்லை. காணொளி வேலைக்கு மட்டும் செருகுவாள்.

ரிசீவரைக் கழற்றி வலப்பக்கத் துளையில் செருகினோம். அம்புக்குறி ஒழுங்காக ஓடியது. மறுபடி இடப்பக்கம் மாற்றினோம். திக்கியது. மூன்று முறை மாற்றிப் பார்த்தோம். மூன்று முறையும் அதே முடிவு. ஒரு தடவை சரியானால் அது தற்செயலாக இருக்கலாம். கோளாறை நாமே வரவழைத்து நாமே போக்க முடிந்தால், காரணம் பிடிபட்டது என்று நம்பலாம்.

வன்தட்டு வானொலிக் கருவி அல்லவே, அது எப்படிச் சுட்டியைக் கெடுக்கும்? இங்கே ஒரு கணக்கு. அது யுஎஸ்பி 3.0 வகை. 2008-இல் வெளியான இந்தத் தரம், விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவலைக் கடத்துகிறது. 1, 0, 1, 0 என்று மாறி மாறிப் போனால், ஒரு 1-ம் ஒரு 0-ம் சேர்ந்து ஒரு முழு அலை. ஐந்தை இரண்டால் வகுத்தால் 2.5 கிகாஹெர்ட்ஸ். சுட்டியின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அடுத்த வாசல்! உண்மையில் தகவலில் 1-ம் 0-வும் இப்படி ஒழுங்காக வருவதில்லை. கலந்து கலந்து வருகின்றன. அதனால் கசியும் இரைச்சல் ஒரே அதிர்வெண்ணில் நிற்காமல், 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசை முழுவதும் பரவுகிறது. எல்லாத் தடத்திலும் இரைச்சல் இருந்தால் தாவுவதற்கு இடமில்லை என்று முன்பு சொன்னது இதைத்தான்.

இது அந்த ஒரு வன்தட்டின் குறை அல்ல. யுஎஸ்பி 3.0 கருவியும் அதன் கம்பியும் செருகியும் வெளியிடும் இரைச்சல் கம்பியில்லாச் சுட்டிகளைப் பாதிக்கிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. கருவிகளுக்கும் செருகிகளுக்கும் நல்ல உலோகக் கவசம் போடுவதும், ரிசீவரைத் தள்ளி வைப்பதும் அது சொன்ன தீர்வுகள்.

சுட்டியைக் கணினிக்கு அருகே கொண்டுவருவதைவிட ரிசீவரைத் தள்ளி வைப்பது ஏன் அதிகம் உதவுகிறது? வகுப்பில் பின்வரிசை நண்பர் உங்களிடம் ஏதோ சொல்கிறார். உங்கள் காதருகே ஒருவர் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். நண்பர் இன்னும் உரக்கக் கத்தலாம். அதைவிட எளிது, நீங்கள் அந்த மேசையை விட்டு நகர்ந்து உட்காருவது. இரைச்சல் இருப்பது கேட்பவரின் காதருகே. ரிசீவர்தான் அந்தக் காது. அதைச் சில சென்டிமீட்டர் நகர்த்தினாலும் இரைச்சல் வேகமாகக் குறைந்துவிடும்.

எனவே, ரிசீவரை வன்தட்டுக்கு எதிர்ப்பக்கத் துளையில் செருகுங்கள். துளை ஒரு பக்கம் மட்டுமே இருந்தால், ஒரு சிறிய யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி போதும். உள்ளே நீல நிறம் தெரியும் துளை பெரும்பாலும் யுஎஸ்பி 3.0. அதில் ரிசீவரைச் செருகுவதே தவறு என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் வேகமாக வேலை செய்யும் கருவி இருக்கும்போதுதான் தொல்லை.

நீங்களே செய்து பாருங்கள்

தேவையானவை: கம்பியில்லாச் சுட்டி, யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி, யுஎஸ்பி 3.0 வன்தட்டு, அளவுகோல், கணினியில் உள்ள ஓவியச் செயலி.

ரிசீவரை நீட்டிப்புக் கம்பியில் செருகுங்கள். வன்தட்டில் உள்ள ஒரு பெரிய கோப்பைக் கணினிக்கு நகலெடுக்கத் தொடங்குங்கள். கோப்பை இடம் மாற்ற வேண்டாம், நகல் மட்டும் எடுங்கள். நகலெடுக்கும்போது வன்தட்டைப் பிடுங்கவும் வேண்டாம். ரிசீவரை வன்தட்டின் செருகியிலிருந்து 2 சென்டிமீட்டர் தூரத்தில் வையுங்கள். ஓவியச் செயலியில் 10 விநாடி வட்டம் வட்டமாக வரையுங்கள். பொட்டலம் தொலைந்த இடங்களில் வளைவுக்குப் பதில் நேர்க்கோடு விழும். அந்த நேர்க்கோடுகளை எண்ணுங்கள். இதையே 5, 10, 20, 40 சென்டிமீட்டர் தூரத்திலும் செய்யுங்கள். ஒவ்வொரு தூரத்துக்கும் மூன்று முறை செய்து சராசரி எடுத்து, வரைபடம் வரையுங்கள். நல்ல கவசம் உள்ள வன்தட்டாக இருந்தால் வித்தியாசமே தெரியாமல் போகலாம். அதுவும் ஒரு முடிவுதான். அப்படியே எழுதி வையுங்கள்.

சிந்திக்க

1. இந்தச் சோதனையில் தற்சார்பு மாறி எது? சார்பு மாறி எது? எவற்றையெல்லாம் மாறாமல் வைத்திருக்க வேண்டும்?

2. கோப்பை நகலெடுக்கும்போது கணினிக்கும் சுமை கூடுகிறது. திக்கலுக்குக் காரணம் அந்தச் சுமை அல்ல என்று எப்படி உறுதிசெய்வீர்கள்?

3. சமையலறை மேசையில் படிக்கும் ஒரு மாணவரின் சுட்டி, தினமும் இரவு உணவு நேரத்தில் மட்டும் இரண்டு மூன்று நிமிடம் திக்குகிறது. உங்கள் கருதுகோள் என்ன? அதை எப்படிச் சோதிப்பீர்கள்?

அன்றிரவு பத்தரை மணிக்குக் காணொளி முடிந்தது. அதற்குப் பிறகு அவள் இன்னொன்றும் செய்தாள். போன மாதம் “பழுது” என்று இழுப்பறையில் போட்டிருந்த முதல் சுட்டியை எடுத்து, அதன் ரிசீவரை வலப்பக்கத் துளையில் செருகிப் பார்த்தாள். அதுவும் ஒழுங்காக ஓடியது. உங்கள் வீட்டு இழுப்பறையிலும் அப்படி ஒன்று கிடக்கலாம். குப்பையில் போடுமுன் ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.